நாலு பல்லையும் சேர்த்து எடுக்கணுமா?

கேட்டவர் குடியாத்தத்துக்காரர். வயது 26. கையில் எட்டு மாதக் குழந்தை, தாய்ப்பால் குடிக்கிறது. இடது பக்கக் கீழ்த்தாடையில் கடைசிக் கடவாய்ப்பல், அதாவது ஞானப்பல், பாதி வெளியே வந்து மீதி ஈறுக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஆறு மாதத்தில் மூன்று முறை வீங்கியிருக்கிறது. கடைசித் தடவை இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. வேலூரில் ஓர் இடத்தில் நாலு ஞானப்பல்லையும் முழு மயக்கத்தில் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். ஊரில் இருக்கும் பல் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு வலிக்கிற ஒன்றை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார். மாமியார், மேலே மூடியிருக்கும் சதையை வெட்டிவிட்டால் சரியாகிவிடும், பக்கத்து வீட்டில் அப்படித்தான் செய்தார்கள் என்கிறார். கணவர் மாத்திரையிலேயே ஓட்டிவிடலாம் என்கிறார். ஆளுக்கொரு வழி, எதை எடுப்பது என்பது கேள்வி.

நான் காட்பாடியில் 22 வருடமாகப் பல் மருத்துவம் பார்க்கிறவன். வெறும் பி.டி.எஸ். நேராக நிற்கும் ஞானப்பல்லை நானே எடுப்பேன், சிக்கலானதை அறுவை மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். உங்கள் பல்லை நான் எடுக்கப்போவதில்லை, அதனால் மனதில் பட்டதைச் சொல்ல எனக்குத் தயக்கமும் இல்லை.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நாலையும் எடுக்க வேண்டாம். இடது கீழ்ப் பல்லை எடுக்கத்தான் வேண்டும், அதை இன்னும் தள்ளிப்போடாதீர்கள். அதற்கு நேர் மேலே இருக்கும் இடது மேல் ஞானப்பல்லையும் அதே நாளில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மரத்துப்போகும் ஊசியே போதும். வலது பக்கம் இரண்டையும் எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு, தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இது எக்ஸ்ரே பார்க்காமல் நான் சொல்லும் உத்தேசம். படம் வேறு மாதிரி பேசினால் படம் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

வீக்கத்தோடு பல் எடுக்கப் போகிறவர்கள் நிறைய பேர் என்பதால் இதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மடிப்பு போலப் படுத்திருக்கும். அந்த மடிப்புக்கு அடியில் சோற்றுப்பருக்கையும் கிருமியும் சேர்ந்து சீழ் பிடிப்பதுதான் உங்களுக்கு வந்த வீக்கம். சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மை அடைந்துவிடும். அங்கே ஊசி மருந்து சரியாக வேலை செய்யாது. நாலு ஊசி போட்டும் மரத்துப்போகவில்லை என்று அழுதுகொண்டே திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் போனவர்கள்தான். அதனால் வீக்கம் வற்றிய பிறகுதான் பல் எடுக்கப் போக வேண்டும். அதற்கு முதலில் அந்த மடிப்புக்கு அடியில் மருத்துவர் மருந்து நீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். வீட்டில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கொப்பளிக்க வேண்டும். மேலே இருக்கும் பல் அந்த வீங்கிய சதையைக் கடித்துக்கொண்டே இருந்தால் எவ்வளவு கழுவினாலும் ஆறாது. மேல் பல்லையும் சேர்த்து எடுக்கச் சொன்னதற்கு ஒரு காரணம் இது. கீழ்ப் பல் போனபின் மேல் பல்லுக்குக் கடிக்க எதிராளி இல்லாமல் அது மெல்ல மெல்லக் கீழே இறங்கி, கன்னத்தையோ ஈறையோ குத்த ஆரம்பிக்கும் என்பது இன்னொரு காரணம். மேல் ஞானப்பல் வெளியே வந்திருந்தால் எடுப்பது பெரும்பாலும் சில நிமிட வேலை. ஒரே நாளிலும் ஒரே லீவிலும் இரண்டு வேலை முடிந்துவிடும்.

ஆன்டிபயாடிக் பற்றி ஒரு வார்த்தை. காய்ச்சல், கன்ன வீக்கம், வாய் திறக்க முடியாமை, கழுத்தில் நெறி கட்டுதல் இவற்றில் ஏதாவது இருந்தால்தான் அது தேவை. வெறும் ஈறு வலிக்குக் கழுவினாலே போதும். மெடிக்கலில் "பல்லு வலி" என்று சொல்லி மூன்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, வலி நின்றதும் விட்டுவிடுவது நம் பக்கத்தில் வழக்கமாகவே ஆகிவிட்டது. உங்கள் கணவர் சொல்கிற "மாத்திரையிலேயே ஓட்டுவது" அதுதான். மூன்று முறை வீங்கிய பல் நாலாவது முறையும் வீங்கும். மாத்திரை கிருமியைக் கொல்லும், மடிப்பைச் சரிசெய்யாது.

இதில் பயப்பட வேண்டிய கட்டமும் உண்டு. வீக்கம் தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் இறங்கினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், பேச்சு குழறினால், மூச்சு விடச் சிரமமாக இருந்தால் அது பல் மருத்துவமனைக்குப் போகிற விஷயமே இல்லை. நடு ராத்திரியாக இருந்தாலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ போய்விட வேண்டும். ஜெர்மன் மருத்துவர் லுட்விக் 1836-இல் விவரித்த, அவர் பெயரிலேயே வழங்கும் நோய் இது. மூச்சுக்குழாயை அடைத்து ஆளையே கொண்டுபோய்விடும். அரிதுதான். ஆனாலும் என் 22 வருடத்தில் இரண்டு பேரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். இரண்டு பேருமே மாதக்கணக்கில் மாத்திரையில் ஓட்டியவர்கள்.

இனி எக்ஸ்ரே. "எடுக்கலாமா வேண்டாமா, எங்கே எடுப்பது, எப்படி மயக்குவது" என்ற உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் அந்த ஒரு படத்தில்தான் இருக்கிறது. ஓ.பி.ஜி. என்று கேளுங்கள். தாடையைச் சுற்றிக் கருவி வலம் வந்து இரண்டு தாடையையும் ஒரே படமாக எடுத்துத் தரும். செலவு சில நூறு ரூபாய்தான். தாய்ப்பால் கொடுப்பவர் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எடுக்கலாம், பாலுக்கு ஒன்றும் ஆகாது. ஓ.பி.ஜி. பார்க்காமல் கீழ் ஞானப்பல்லுக்குத் தேதி கொடுக்கிறவரிடம் நீங்கள் போக வேண்டாம். நாலையும் எடுக்கலாம் என்று சொன்னவர்கள் படம் பார்த்துவிட்டுச் சொன்னார்களா, வாயைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்களா என்று நீங்கள் எழுதவில்லை.

படத்தில் முதலில் பார்ப்பது சாய்வு. கீழ் ஞானப்பல் முன்பக்கமாகச் சாய்ந்து முன்னால் இருக்கும் பல்லின் முதுகில் முட்டிக்கொண்டு நிற்பதுதான் அதிகம். சில நேரம் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். சில நேரம் நேராகவே நிற்கும், மேலே வர இடம்தான் இருக்காது. நாலாவது வகை பின்பக்கமாக, காதைப் பார்த்துச் சாய்ந்திருப்பது. வாயைத் திறந்து பார்த்தால் இதுதான் சுலபம் என்று தோன்றும். கீழ்த்தாடையில் இதுதான் கஷ்டம், ஏனென்றால் எடுக்கும்போது பல் போக வேண்டிய திசையில் தாடை எலும்பே சுவராக நிற்கும்.

இந்த நாலாவது வகை எனக்குப் பாடம் சொன்னது. கிளினிக் ஆரம்பித்த புதிதில் ஒருவருக்கு, சின்னப் படம் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, "பத்து நிமிஷம்" என்று சொல்லி உட்காரவைத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. பல்லின் தலை உடைந்து வந்தது, வேர் வரவில்லை. அவர் சட்டையெல்லாம் வியர்வை, என் சட்டையும்தான். கடைசியில் பஞ்சு வைத்துக் கட்டி, நானே வண்டியில் உட்காரவைத்து அறுவை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் எலும்பைக் கொஞ்சம் சீவி, வேரை இரண்டாக வெட்டி, கால் மணியில் எடுத்துவிட்டார். கைத்திறமையைவிட, எப்போது கை வைக்கக்கூடாது என்று தெரிந்திருப்பது பெரிது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

படத்தில் அடுத்துப் பார்ப்பது நரம்பு. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு அதற்குள் போகிறது. ஓ.பி.ஜி.யில் அது இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். ஞானப்பல்லின் வேர் அந்தக் கோட்டைத் தொடும் இடத்தில் கோடு அறுந்து தெரிந்தாலோ, வளைந்து ஒதுங்கினாலோ, வேரின் மேல் கறுப்பாக ஒரு பட்டை விழுந்தாலோ நரம்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று அர்த்தம். அப்போதுதான் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாணப் படம் தேவை. அது சில ஆயிரம் ரூபாய் ஆகும், எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஓ.பி.ஜி.யே தெளிவாக இருக்கும்போது அதையும் எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

நரம்பு இடிபட்டால் என்ன ஆகும்? உதடும் மோவாயும் மரத்த மாதிரியே இருக்கும். நூறு பேரில் சிலருக்கு இது வரும், வாரங்களில் மாதங்களில் தெளிந்துவிடும். நிரந்தரமாக நின்றுபோவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. நாக்குப் பக்கத்து நரம்புக்கும் இதே கதைதான். நாக்கின் ஒரு பக்கம் மரத்து, ருசியும் குறையலாம். "வாய் கோணிக்குமா" என்று பாதிப் பேர் கேட்பார்கள். கோணாது. இவை உணர்ச்சி நரம்புகள், தசையை அசைக்கிற நரம்புகள் இல்லை. ஊசி போட்ட கொஞ்ச நேரத்துக்கு உதடு தடித்துத் தொங்குவது போல இருக்கும், கண்ணாடியில் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியாது.

வேர் நரம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சி.பி.சி.டி. காட்டினால் இன்னொரு வழியும் இருக்கிறது. இதைப் பலர் சொல்வதே இல்லை. பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வேரை எலும்புக்குள்ளேயே விட்டுத் தைத்துவிடுவார்கள். கரோனெக்டமி என்று பெயர். நரம்புக்கு ஆபத்து வெகுவாகக் குறையும். விட்ட வேர் சிலருக்குக் காலப்போக்கில் மேலே நகர்ந்து வரலாம், அப்போது நரம்பைவிட்டு விலகியிருப்பதால் எடுப்பது சுலபம். வேரில் சொத்தையோ சீழோ இருந்தால் இதைச் செய்ய முடியாது. உங்கள் படத்தில் நரம்பு ஒட்டியிருக்கிறது என்று சொன்னால், "தலையை மட்டும் எடுக்க முடியுமா டாக்டர்" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி புரிந்து பதில் சொல்கிறவர் சரியான ஆள்.

மாமியார் சொன்னதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சதையை வெட்டும் சிகிச்சை இருக்கிறது, நானும் செய்கிறேன். பல் நேராக நின்று, மேலே வரவும் இடம் இருந்து, மூடியிருக்கும் சதை மட்டுமே தடையாக இருந்தால் அது பலிக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். பல் சாய்ந்திருந்தால் வெட்டிய சதை சில மாதத்தில் திரும்ப வளர்ந்து அதே இடத்தில் படுத்துக்கொள்ளும். காசும் வலியும் வீண். உங்கள் பல் நேராக நிற்கிறது என்று படம் சொன்னால் மாமியார் ஜெயித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வலிக்காத பல்லை எடுக்கலாமா என்பது உலகம் முழுக்க இருக்கும் சண்டை. அமெரிக்காவில் பள்ளி முடிக்கும் வயதில் நாலையும் எடுத்துவிடுவது நெடுநாள் வழக்கம். இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு நைஸ் என்ற அரசு அமைப்பு, நோய் இல்லாத ஞானப்பல்லை எடுக்க வேண்டாம் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. நான் பெரும்பாலும் இங்கிலாந்துக் கட்சி. ஞானப்பல் தள்ளுவதால்தான் முன்பல் கோணுகிறது என்று சொல்லி எடுக்கவைப்பதை நான் ஏற்பதில்லை, அதற்குச் சரியான ஆதாரம் கிடையாது.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குப் பயம் உண்டு. முன்னால் சாய்ந்து முட்டிக்கொண்டிருக்கும் பல், வெளியே எதையும் காட்டாமல், முன்னால் இருக்கும் நல்ல பல்லின் பின்பக்கத்தைச் சொத்தையாக்கிவிடும். அங்கே பிரஷ் போகாது. சொத்தை தெரியவரும்போது சில நேரம் இரண்டு பல்லும் போய்விடும். ஞானப்பல் போனால் போகட்டும், மெல்லுவதற்கு அது தேவையில்லை. அதற்கு முந்தைய பல் போனால் ஆம்பூர் பிரியாணியில் கறியைக் கடிக்கும்போது தெரியும். அதனால் வலது கீழ்ப் பல் முட்டிக்கொண்டிருந்தால் அதையும் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து எடுப்பது நல்லது. எலும்புக்குள்ளேயே முழுதாகப் புதைந்து தூங்குகிறதென்றால் எழுப்ப வேண்டாம்.

வயதும் ஒரு கணக்கு. இருபதுகளில் எலும்பு இளக்கமாக இருக்கும், புண்ணும் சீக்கிரம் ஆறும். நாற்பதைத் தாண்டினால் எடுப்பதும் ஆறுவதும் இரண்டுமே இழுக்கும். உங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் ஈறு சுலபமாக வீங்கும், மருந்துக்கும் எக்ஸ்ரேக்கும் யோசிக்க வேண்டிவரும், மசக்கையில் வாயைத் திறந்து வைத்திருக்கவும் முடியாது. அடுத்த குழந்தை பற்றி யோசனை இருந்தால் அதற்கு முன்னாலேயே இடது பக்கத்தை முடித்துவிடுங்கள்.

இப்போது ஊசியா, முழு மயக்கமா? மயக்க மருந்தை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியதில் பல் மருத்துவர்களுக்குத்தான் பெரிய பங்கு. 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் கொடுத்து, வலி தெரியாமல் அறுவை செய்யலாம் என்று ஊரறியக் காட்டிய மார்ட்டன் ஒரு பல் மருத்துவர். அவர் வழி வந்த நானே சொல்கிறேன், ஒரு பக்கத்து இரண்டு ஞானப்பல்லுக்கு முழு மயக்கம் தேவையில்லை. மரத்துப்போகும் ஊசியில் வலி தெரியாது. அழுத்தம் தெரியும், சத்தம் தெரியும், எலும்பைச் சீவும் கருவி தண்ணீர் தெளித்துக்கொண்டு தலைக்குள் வண்டி ஓடுகிற மாதிரி இரைவது தெரியும். கஷ்டமான பல் என்றாலும் அரை மணி, முக்கால் மணிக்குள் முடிந்து, அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போய்விடலாம்.

முழு மயக்கம் என்றால் ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., மயக்க மருத்துவரின் ஒப்புதல் எல்லாம் வேண்டும். சாப்பாடு ஆறு மணி நேரத்துக்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும், தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால். மூச்சுக்காக மூக்கு வழியாகக் குழாய் விடுவார்கள். செலவு பல மடங்கு. நல்ல கையில் பாதுகாப்பானதுதான், நான் பயமுறுத்தவில்லை. தாய்ப்பால்கூட, நன்றாகத் தெளிந்து குழந்தையைப் பிடிக்கும் தெம்பு வந்ததும் கொடுக்கலாம். நாலும் ஆழத்தில் புதைந்தவர்கள், ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவர்கள், வாயில் கண்ணாடி வைத்தாலே குமட்டுகிறவர்கள், வாய் திறக்கவே முடியாதவர்கள் இவர்களுக்கெல்லாம் அதுதான் சரி. பாக்கும் ஹான்ஸ் புகையிலையும் போட்டுப் போட்டு வாய்க்குள் தோல் நார் போல இறுகி, வாய் திறப்பு சுருங்கிப்போனவர்களும் நம் பக்கத்தில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ஞானப்பல் இரண்டாவது பிரச்சினை, முதலில் அந்த வாயைக் காட்ட வேண்டும்.

நாலும் ஒரே நாளில் என்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். ஒரே வீக்கம், ஒரே லீவு. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் என்னிடம் அதைத்தான் கேட்பார்கள், நாலு நாள் சம்பளம் ஒரு தடவை போனால் போகட்டும், இரண்டு தடவை போகக்கூடாது என்பார்கள். நாலும் எடுக்க வேண்டிய பல்லாக இருந்தால் நானும் சரி என்பேன். உங்களுக்குக் கைக்குழந்தை. இரண்டு பக்கமும் தைத்துக்கொண்டு மெல்ல ஒரு பக்கமும் இல்லாமல், பால் கொடுக்கும் உடம்போடு ஒரு வாரம் கஞ்சியில் இருப்பது சிரமம். ஒரு பக்கம் எடுத்தால் மறுபக்கத்தில் இட்லியாவது மெல்லலாம்.

எங்கே போவது? இங்கே போ என்று நான் ஒரு பெயரைச் சொல்லமாட்டேன், வழியைச் சொல்கிறேன். குடியாத்தத்திலேயே உங்கள் பல் மருத்துவரிடம் செய்துகொள்ளலாம், அவர் எம்.டி.எஸ். படித்த வாய் முக அறுவை மருத்துவரை வரவழைத்துச் செய்வதாக இருந்தால். இந்த ஏற்பாடு பெரும்பாலான கிளினிக்குகளில் உண்டு, வாரத்தில் ஒரு நாள் இரண்டு நாள் அவர் வந்து போவார். "செய்யப்போவது யார், நீங்களா, வருகிற டாக்டரா?" என்று நேராகக் கேளுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டார்கள், கோபித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

வேறு நோயும் இருப்பவர்களுக்கு, அதாவது இதயத்தில் வால்வு மாற்றியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எலும்புக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள் இவர்களுக்கெல்லாம் நான் பெரிய மருத்துவமனைதான் சொல்வேன். சி.எம்.சி. இருப்பது நமக்குக் கொடுப்பினை. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியது, இன்றைக்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயில் ஏறி வருகிறார்கள். அதனால்தான் கூட்டமும். பல் பிரிவில் தேதி கிடைக்கப் பொறுமை வேண்டும், கைக்குழந்தையோடு காலையிலேயே போய் உட்கார வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும். செலவுதான் கவலையென்றால் அடுக்கம்பாறைக்குப் போய்ப் பல் பிரிவில் ஓ.பி.ஜி.யோடு காட்டலாம். இன்னொரு வழியும் இருக்கிறது: காட்பாடியில் காலை ரயில் ஏறினால் சென்ட்ரலுக்குக் கொஞ்ச தூரத்திலேயே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. அங்கே ஞானப்பல் எடுப்பது அன்றாட வேலை. மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் பார்வையில் செய்வார்கள். "ஸ்டூடண்ட் செய்வாரா" என்று முகம் சுளிக்க வேண்டாம், வருடத்துக்கு நாலு ஞானப்பல் எடுக்கிற என்னைவிட அவர்கள் கை பழகிய கை. உங்களுக்குக் குழந்தையோடு அலைச்சல் கட்டாது என்பதால், குடியாத்தத்திலேயே வருகை மருத்துவர் என்ற முதல் வழிதான் சரியாகப் படுகிறது.

போகிற அன்று சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஊசியில் எடுப்பதற்கு வெறும் வயிறு வேண்டியதில்லை. விரதம் மாதிரி பட்டினியோடு வந்து நாற்காலியிலேயே மயங்கி விழுகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். கிளம்பும் முன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிடுங்கள். மரத்துப்போகும் மருந்து பாலில் சேரும் அளவு மிகக் குறைவு, வந்ததும் திரும்பக் கொடுக்கலாம். பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டியதில்லை. மாத்திரையில் பாரசிட்டமால், ஐபுபுரூஃபன், அமாக்ஸிசிலின் மூன்றும் தாய்ப்பாலோடு ஒத்துப்போகும். ஐபுபுரூஃபனைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் சேர்ந்தால் இந்த வலிக்கு நன்றாகவே கேட்கும். மெட்ரோனிடசோல் எழுதினால் வழக்கமான அளவில் பயமில்லை, பால் கசந்து குழந்தை முகத்தைத் திருப்பலாம். கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரை வேண்டாம், குழந்தைக்குத் தூக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் வரலாம். ஆஸ்பிரினும் வேண்டாம். பால் கொடுக்கிறேன் என்பதை நீங்களாகவே முதல் வரியில் சொல்லிவிடுங்கள், கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

"இன்னா டாக்டரு, மேல் பல்லு புடுங்குனா கண்ணு பூடுமா?" என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாமியார் கேட்பார். போகாது. கண்ணுக்குப் போகும் பார்வை நரம்புக்கும் பல்லுக்கும் சம்பந்தமே கிடையாது. வயதானபின் பல் எடுக்கிற காலமும் கண் மங்குகிற காலமும் ஒன்றாக வந்ததில் கிளம்பிய பேச்சு அது.

எடுத்தபின் வைக்கும் பஞ்சை முக்கால் மணி நேரம் இறுகக் கடித்திருங்கள். எச்சிலை விழுங்குங்கள். நம் ஆட்கள் செய்கிற பெரிய தப்பு, அஞ்சு நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்துபோய்த் துப்புவது. துப்பத் துப்ப உறைந்த ரத்தக் கட்டி கழன்றுபோகும், திரும்ப ரத்தம் வரும். அந்தக் கட்டிதான் புண்ணுக்கு மூடி. அன்றைக்குக் கொப்பளிக்கவே வேண்டாம், மறுநாள் முதல் வெது வெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்திருந்து மெல்லச் சாய்த்து விடுங்கள். இளநீர் நல்லதுதான், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள், டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். உறிஞ்சினாலும் அதே கட்டிதான் கழலும். முதல் நாள் கன்னத்துக்கு வெளியே துணியில் சுற்றிய ஐஸ், கால் மணி வைத்துக் கால் மணி எடுத்து. பாட்டி தவிட்டு ஒத்தடம் கொண்டுவந்தால் அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம், அதைப் பார்த்துப் பயந்து நள்ளிரவில் போன் செய்ய வேண்டாம். அதற்குப் பிறகு வற்ற வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் கூழைப்போல ஒன்று கிடையாது. ஆறவைத்து, மோர் விட்டுக் கரைத்து, வெங்காயம் மிளகாய் இல்லாமல். குழைந்த தயிர் சாதம், மசித்த இட்லி, ஆறிய பருப்பு ரசம் எல்லாம் ஆகும். முறுக்கு, பொரி, வறுத்த வேர்க்கடலை பத்து நாளைக்குக் கண்ணிலேயே படக்கூடாது, துணுக்கு போய்க் குழியில் உட்கார்ந்துகொள்ளும்.

முதல் இரண்டு நாள் நன்றாக இருந்து, மூன்றாம் நாலாம் நாள் வலி காதுவரை விண்ணென்று ஏறினால், வாயில் கெட்ட வாடையும் வந்தால், ரத்தக் கட்டி கழன்று எலும்பு வெறுமையாக நிற்கிறது என்று அர்த்தம். மாத்திரையை இரட்டிப்பாக்கிப் பயனில்லை. திரும்பப் போனால் குழியைக் கழுவிக் கிராம்பு எண்ணெய் கலந்த மருந்தை உள்ளே வைப்பார்கள், பெரும்பாலும் அன்றைக்கே வலி அடங்கும். வீட்டில் கிராம்பைப் பொடித்து நீங்களே திணிக்காதீர்கள், பொடி உள்ளே தங்கிப் புண்ணாகும். போயிலை, பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். தையல் தானாகக் கரைகிறதா, ஏழாம் நாள் பிரிக்க வேண்டுமா என்று வரும்போதே கேட்டுக்கொண்டு வாருங்கள். நாலு நாளைக்குக் குழந்தையைத் தூக்கவும் இரவில் எழுந்திருக்கவும் வீட்டில் யாராவது வேண்டும், அதைக் கணவரிடமே விட்டுவிடுங்கள். மாத்திரையில் ஓட்டலாம் என்றாரே.

ஓ.பி.ஜி. படத்தைப் பல் எடுத்த கையோடு தூக்கிப்போட்டுவிடாதீர்கள். போனிலும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வலது பக்கப் பல்லை விட்டுவைக்கிறோம் என்றால், ஒன்றிரண்டு வருடம் கழித்து இன்னொரு படம் எடுக்கும்போது, முன்னால் எப்படி இருந்தது என்று பார்க்க அதுதான் வேண்டும்.